பெத்கெலெர்ட்டில் நான்கு நாள்: முதன்முறை போகிறவர்களுக்கு

வேல்ஸுக்குப் போகும் நம் ஆட்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான். மான்செஸ்டரிலிருந்தோ பர்மிங்காமிலிருந்தோ விடியற்காலையில் காரை எடுப்பது, மூன்று ஊரில் இறங்கிப் போட்டோ பிடிப்பது, கட்டிக்கொண்டு போன புளியோதரையை கார் நிறுத்துமிடத்திலேயே பிரித்துச் சாப்பிடுவது, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது. முதல் இரண்டு தடவை நானும் அப்படித்தான் போய்வந்தேன். மேகம், ஆடு, மழை, மறுபடி ஆடு. வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. மூன்றாம் தடவை எங்கும் ஓடாமல் ஒரே கிராமத்தில் நான்கு இரவு தங்கினேன். அந்த ஊர்தான் பெத்கெலெர்ட். அதற்குப் பிறகு நண்பர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றே ஒன்று: பத்து இடம் பார்க்காதீர்கள், ஓர் இடத்தில் இருங்கள்.

ஊர் வடமேற்கு வேல்ஸில், குவினெத் மாவட்டத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஐந்நூறு பேர் வாழும் சின்ன ஊர். கருங்கல் வீடுகள், மேலே ஸ்லேட் கல் வேய்ந்த கூரை, நடுவில் ஒரு கல் பாலம். கிளாஸ்லின், கோல்வின் என்ற இரண்டு ஆறுகள் ஊருக்குள்ளேயே கூடுகின்றன. சுற்றிலும் மலை. 1951-இல் அமைந்த தேசியப் பூங்காவுக்குள் வருகிற பகுதி இது. ஸ்னோடோனியா என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022-இல் பூங்கா நிர்வாகம் இனி எரரி என்ற வெல்ஷ் பெயரையே முதன்மையாக வழங்குவது என்று முடிவெடுத்தது. ஸ்னோடன் சிகரமும் அப்படியே அர் வித்வா ஆகிவிட்டது. பழைய பெயரைச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் பேச்சுவாக்கில் வேல்ஸை ‘இங்கிலாந்து’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எந்த மாதம்

மே மாதம், இல்லையென்றால் ஜூன் முதல் பாதி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மழை கொஞ்சம் குறைவு, இரவு ஒன்பதரை வரை வெளிச்சம், காட்டுக்குள் நீலமணிப்பூ, வயலில் ஆட்டுக்குட்டிகள். ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டம்; காலை பத்து மணிக்குள் வண்டி நிறுத்த இடம் தீர்ந்துவிடும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், பஸ்ஸும் குறைவு.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. அர் வித்வாவைச் சுற்றிய உயரமான பகுதிகளில் 4,000 மி.மீ.க்கும் மேல். ஊரில் அவ்வளவு இல்லைதான். ஆனாலும் நம்மூர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்காது. நசநசவென்று நாள் முழுக்கத் தூறும், நடுவில் பத்து நிமிடம் வெளிவாங்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும். குடை எடுத்துப் போவது வீண், முதல் காற்றிலேயே திரும்பிக்கொள்ளும். தொப்பி வைத்த மழைக்கோட்டு, கணுக்காலை மூடும் பூட்ஸ், மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காய ஒரு நாள் ஆகும். ஜூலையிலும் பகல் வெப்பம் 20 டிகிரியைத் தொடாத நாட்கள்தான் அதிகம், ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.

ஜூனில் மலைச்சரிவு முழுக்க ஊதா நிறப் பூ பூத்துக் கிடக்கும். ‘எவ்வளவு அழகு!’ என்று உள்ளூர்க்காரரிடம் சொல்லி அசடு வழிந்தவன் நான். அது ரோடோடென்ட்ரான். தோட்டத்துக்கென்று வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தது, மலைக்கு ஏறி, அடியில் புல்கூட முளைக்காதபடி மூடிவிட்டது. நம் காடுகளில் உண்ணிச்செடி செய்த அதே வேலை. பல ஆண்டுகளாக ஆட்களை விட்டு வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

போய்ச் சேருவது

காரில் வந்தால் மான்செஸ்டரிலிருந்து இரண்டரை மணி நேரம். கடைசி சில மைல் சாலை மிகக் குறுகல், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கல் சுவர். எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். அகலம் உங்கள் பக்கம் இருந்தால் நீங்களே போங்கள், கை காட்டி நன்றி சொல்வார்கள். சாலையில் பெரிய வெள்ளை எழுத்தில் ‘அராவ்’ என்று எழுதியிருக்கும். மெதுவாக என்று அர்த்தம். 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸில் குடியிருப்புப் பகுதிச் சாலைகளில் பொது வேக வரம்பு மணிக்கு 20 மைல், அதை நினைவில் வையுங்கள்.

ரயிலில் வர இரண்டு வழி. லண்டன் யூஸ்டனிலிருந்து பாங்கோர் வரை மூன்றேகால் மணி நேரம்போல் ஆகும், அங்கிருந்து பஸ்ஸில் கைர்நார்வன், அங்கே இன்னொரு பஸ். வேகமான வழி இதுதான். ஆனால் நேரம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது மற்றொன்று: பர்மிங்காமிலிருந்து கடலோர ரயிலில் போர்த்மாதோக். நாலரை மணி நேரத்துக்குக் குறையாது. கடைசி ஒன்றரை மணி நேரம் ஜன்னலுக்குக் கீழேயே கடல். பார்மத்தில் முகத்துவாரத்தின் குறுக்கே நீளமான மரப்பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும். ஹார்லெக் கோட்டை தலைக்கு மேலே பாறையில் நிற்கும்.

இந்த வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. பாதி வழியில் மகன்லெத் என்ற நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி அபெரிஸ்ட்வித்துக்கு, மறு பாதி கடலோரமாக புல்ஹெலிக்கு. நமக்கு வேண்டியது புல்ஹெலிப் பெட்டி. முதல் பயணத்தில் அறிவிப்பைக் காதில் வாங்காமல் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வண்டி அபெரிஸ்ட்வித்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பார்க்க வேண்டிய ஊர்தான், ஆனால் அன்றைக்கு இல்லை. ஏறும்போதே கதவருகில் இருக்கும் பலகையைப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் டிக்கெட் பரிசோதகரைக் கேளுங்கள்.

போர்த்மாதோக்கிலிருந்து பெத்கெலெர்ட் சுமார் 13 கி.மீ. ‘ஷெர்ப்பா அர் வித்வா’ என்ற பஸ்கள் இந்த மலைப் பகுதி முழுக்க ஓடுகின்றன. கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் போய்விடும்.

பெயர்களைப் படிக்கப் பழகுங்கள்

இதை ஒரு தனி வேலையாகவே சொல்கிறேன். வரைபடத்தைப் பிரித்தால் முதலில் பயமாக இருக்கும், மெய்யெழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். உண்மையில் வெல்ஷ் எழுத்துமுறை ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. விதியைத் தெரிந்துகொண்டால் எழுதியதை அப்படியே படித்துவிடலாம். தமிழ் பேசுகிற நமக்கு ஒரு வசதியும் உண்டு. ஊர்ப் பெயரில் வரும் இரட்டை ‘டி’யை ‘அது’ என்று சொல்லும்போது வரும் த போலச் சொன்னால் போதும். ‘தலை’யில் வரும் த அல்ல. ஒற்றை ‘எஃப்’ நம் வ. ‘டபிள்யூ’ பல இடங்களில் உ. இரட்டை ‘எல்’தான் கஷ்டம்: ல சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல், நாக்கின் ஓரம் வழியாகக் காற்றை மட்டும் விடுங்கள். ழகரத்தைப் பழகிய நாக்குக்கு இது பெரிய விஷயமில்லை.

அப்புறம் பத்துச் சொற்கள். லின் என்றால் ஏரி. அவோன் ஆறு, பொன்ட் பாலம், நான்ட் ஓடை. கூம் என்றால் மலைகளுக்கு நடுவே குழிந்த பள்ளத்தாக்கு. மோயில் என்றால் மொட்டை. உச்சியில் மரமில்லாத மலைகளுக்கெல்லாம் அந்தப் பெயர். அபெர் என்றால் ஆறு போய்ச் சேரும் இடம், மவுர் பெரியது, பாக் சின்னது, பெத் கல்லறை. இவ்வளவு தெரிந்தால் வரைபடம் தானே பேச ஆரம்பிக்கும். பக்கத்து ஊர் ரீட் தீ. பெயரைப் பார்த்து நெருப்பு என்று நினைக்காதீர்கள். கறுப்பு ஆற்றுத்துறை என்று பொருள்.

காலை வணக்கத்துக்கு ‘போரெ டா’. யாரையும் மரியாதையில்லாமல் கூப்பிடவில்லை, டா என்றால் நல்லது. இரவில் ‘நோஸ் டா’. நன்றிக்கு ‘தியோல்ஹ்’. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் முழுக்க 17.8 சதவீதம் பேர்தான் வெல்ஷ் பேசுவதாகச் சொன்னார்கள். குவினெத்தில் அது 64 சதவீதத்துக்கும் மேல். அதாவது கடையில் நீங்கள் கேட்கும் வெல்ஷ் காட்சிக்காகப் பேசுவது அல்ல, வீட்டு மொழி. ஆங்கிலம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடைக்காரரிடம் ஒரு ‘தியோல்ஹ்’ சொல்லிப் பாருங்கள், முகம் மாறுவது தெரியும்.

தங்குவதும் சாப்பிடுவதும்

குடும்பமாகப் போனால் சமையலறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுங்கள். ஊரில் சின்னக் கடைகள்தான், பெரிய சூப்பர்மார்க்கெட் போர்த்மாதோக்கில். கறிவேப்பிலை, இட்லி மாவு, பெருங்காயம் எல்லாம் உங்கள் ஊரிலேயே வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பழைய கல் வீடுகளில் கூரை தாழ்வு, புகை எச்சரிக்கை மணி அடுப்புக்கு நேர் மேலே இருக்கும். மிளகாய் வற்றலைத் தாளிப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்துவையுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் உங்களுக்கு அறிமுகமாகிவிடுவார்கள்.

பப்பில் சாப்பிடப் போனால் மேஜையில் உட்கார்ந்து ஆள் வருவார் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் கவுன்டரில் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும். சைவம் கிடைக்கும். தேநீருக்கு ‘பாரா ப்ரித்’ கேளுங்கள். புள்ளி ரொட்டி என்று அர்த்தம். உலர்ந்த திராட்சையைத் தேநீரில் ஊறவைத்துச் சேர்ப்பார்கள், மேலே வெண்ணெய் தடவித் தருவார்கள்.

மலை மடிப்புகளுக்குள் போன் சிக்னல் அறுந்து அறுந்துதான் வரும். வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் ஓ.எல். 17 காகித வரைபடம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். மழையில் போன் திரை விரலுக்குக் கட்டுப்படாது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதல் நாள்: நாய்க் கல்லறை

மத்தியானம் வந்து இறங்கினால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். கல் பாலத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள், நடைபாலம் பக்கம் போய் இரண்டு ஆறும் கூடுவதைப் பாருங்கள், பிறகு கிளாஸ்லின் கரையோடு தெற்கே நடங்கள். பத்து நிமிடத்தில் ஒரு புல்வெளி, ஒரு மரம், அதன் அடியில் வேலிக்குள் ஸ்லேட் கற்கள். ஒன்றில் வெல்ஷ், ஒன்றில் ஆங்கிலம். ஊர்ப் பெயரின் ‘கெலெர்ட் கல்லறை’ இதுதான் என்பார்கள்.

கதை இப்படி. 13-ஆம் நூற்றாண்டு. வடவேல்ஸ் இளவரசர் லிவெலின் வேட்டைக்குப் போகிறார். அவருடைய செல்ல நாய் கெலெர்ட் மட்டும் அன்று கூடவரவில்லை. திரும்பி வந்தால் நாய் வாயெல்லாம் ரத்தத்துடன் வாலாட்டிக்கொண்டு ஓடிவருகிறது. தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, குழந்தையைக் காணோம். வாளை உருவி நாயைக் குத்திவிடுகிறார். நாயின் கடைசிக் குரலுக்குப் பதில்போல் தொட்டிலுக்கு அடியிலிருந்து குழந்தை அழுகிறது. பக்கத்தில் ஒரு பெரிய ஓநாய் செத்துக் கிடக்கிறது.

படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். நாய்க்குப் பதில் கீரி, ஓநாய்க்குப் பதில் பாம்பு, வாளுக்குப் பதில் தண்ணீர்க்குடம். நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்துகிறவர்கள் இரண்டையும் ஒரே வகையில்தான் வைக்கிறார்கள். இந்தியாவில் பிறந்து நாடு நாடாக நடந்து மேற்கே போன கதை இது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் அது வருகிறது: கீரியைக் கொன்ற பாவத்துக்காகக் கணவன் விட்டுப்போன பெண்ணுக்குப் பொருள் கொடுத்து, அவளுடைய துயர் தீர்த்து, கணவனையும் சேர்த்துவைத்தவன் கோவலன். அந்தக் கல்லறை முன் நின்றபோது, கூட வந்த வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு நான் கீரிக்கதையைச் சொன்னேன். அவர்கள் வீட்டுச் சிறுமிக்குக் கீரி என்றால் என்னவென்று விளக்கத்தான் நேரமானது.

கல்லறை நிஜமா? இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஊரில் கோட் ஹோட்டலை நடத்திய டேவிட் பிரிட்சர்ட் என்பவர், பயணிகள் வரட்டும் என்று கல்லை நிறுத்திவைத்ததாகச் சொல்கிறார்கள். கெலெர்ட் என்பது அநேகமாக ஒரு பழங்காலத் துறவியின் பெயர். இதெல்லாம் தெரிந்தும் ஆட்கள் வருகிறார்கள், கண் கலங்குகிறார்கள். பக்கத்திலேயே இடிந்த சின்னக் கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. உள்ளே எட்டிப்பார்த்தால் வெண்கலத்தில் ஒரு நாய் நிற்கும். பலர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

திரும்பும் வழியில் மரியா தேவாலயத்தைப் பாருங்கள். அகஸ்டீனியத் துறவிகள் இருந்த மடத்தின் மிச்சம் அது, சில பகுதிகள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கதையைவிட இந்தச் சுவர்களுக்கு வயது நிச்சயம்.

நடக்கும் முன் தெரிய வேண்டியவை

மஞ்சள் அம்பு பொது நடைபாதை. நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் உரியது, நடந்தும் போகலாம். பாதை ஒருவரின் வயலுக்கு நடுவே போகும், தயங்க வேண்டாம், நடக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. வாயிற்கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். மூடியிருந்தால் மூடுங்கள், வேண்டுமென்றே திறந்துவைத்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். வேல்ஸில் சுமார் 31 லட்சம் மனிதர்கள், ஆடுகள் ஏறக்குறைய 90 லட்சம். குட்டிபோடும் பருவத்தில் ஆட்டைத் துரத்தும் நாயை விவசாயி சுடக்கூடச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆகவே நாய் இருந்தால் கயிறு கட்டாயம். பெரணிப் புதருக்குள் நடந்தால் மாலையில் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

மலையில் ஆபத்து என்றால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்பு என்று கேளுங்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், காசு கேட்கமாட்டார்கள். சிக்னல் இல்லையென்றால் விசில்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். விசில் சின்னப் பொருள், பையிலேயே கிடக்கட்டும்.

இரண்டாம் நாள்: அபெர்கிளாஸ்லின்

ஒரே ஒரு நடைதான் போக முடியும் என்றால் இதைப் போங்கள். சுமார் 9 கி.மீ. சுற்று, சாப்பாட்டு நேரம் சேர்த்து ஐந்து மணி நேரம் வையுங்கள்.

ஊரிலிருந்து கிளாஸ்லின் ஆற்றின் கிழக்குக் கரையைப் பிடித்துத் தெற்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் குட்டி ரயில் தண்டவாளத்தைக் கடப்பீர்கள். இருபக்கமும் பார்த்துக் கடங்கள், ரயில் நிஜமாகவே வரும். அதற்குப் பிறகு மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து, ஆறு கர்ஜிக்க ஆரம்பிக்கும். இதற்கு மீனவர் பாதை என்று பெயர். தண்ணீரை ஒட்டிப் பாறை மேலேயே கால் வைத்துப் போக வேண்டும். ஓரிடத்தில் பாறை நெஞ்சுக்கு நேராகத் துருத்திக்கொண்டு நிற்கும்; அதில் இரும்புக் கைப்பிடிகளை அடித்துவைத்திருக்கிறார்கள். எத்தனையோ கைகள் பிடித்துப் பிடித்து அந்த இரும்பு வழவழவென்று ஆகியிருக்கிறது. குளிரில் கை வைத்தால் சுள்ளென்று இருக்கும். வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டு இடது கையால் பாறையைத் தடவித்தான் என் மாமியார் கடந்தார்கள், புடவையில் இல்லை, சுடிதாரில். அறுபத்தெட்டு வயது. முதல் நாள் இரவு கனமழை பெய்திருந்தால் மட்டும் இந்தப் பாதை வேண்டாம், ஆறு மேலேறி பாறையைத் தொட்டுவிடும்.

பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் பொன்ட் அபெர்கிளாஸ்லின். பாலத்தில் நின்று தெற்கே பாருங்கள்: மலை சட்டென்று முடிந்து, தட்டையான பச்சை வயல். ஒரு காலத்தில் அது வயல் இல்லை, கடலின் அலைவாய். கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் இந்தப் பாலம் பக்கம்வரை வரும். வில்லியம் மாடக்ஸ் என்பவர் முகத்துவாரத்தின் குறுக்கே, ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு, காப் என்ற அணையைக் கட்டி 1811-இல் முடித்தார். கடல் பின்வாங்கியது, நிலம் கிடைத்தது, போர்த்மாதோக் ஊரும் துறைமுகமும் உருவாயின. ‘அபெர்’ என்ற முன்சொல் ஏன் மலைக்குள் இருக்கும் இடத்துக்கு வந்தது என்பது இப்போது விளங்கும். அந்த வயல்களுக்கு நடுவில் 2004 முதல் விராலடிப்பான் பருந்துகள் கூடுகட்டி வருகின்றன. வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, கோடை முடிந்ததும் திரும்பிவிடும்.

பாலத்தைத் தாண்டாமல் இடப்பக்கம் திரும்பி, நான்ட்மோர் கார் நிறுத்துமிடம் வழியாகக் கூம் பாகன் பள்ளத்தாக்கில் ஏறுங்கள். வழியில் துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள் நிற்கும். செப்புத் தாதுவைத் தொட்டிகளில் கட்டிக் கம்பிவழியே இறக்கிய காலத்து மிச்சம். இந்தச் சரிவுகளைத்தான் 1958-இல் இங்கிரிட் பெர்க்மன் நடித்த ஒரு படத்துக்காகச் சீனா ஆக்கினார்கள். மேலே கணவாயைத் தாண்டினால் கீழே லின் டினாஸ் ஏரி. இறங்கும் வழி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையிலிருந்து ஆற்றோடு ஊர் திரும்ப முக்கால் மணி நேரம்.

மூன்றாம் நாள்: மழை நாள்

நான்கில் ஒரு நாளாவது மழை பிடிக்கும், அதற்கென்று ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். ஊருக்கு ஒரு மைல் தள்ளி சகின் செப்புச் சுரங்கம். 1903-இல் மூடினார்கள், 1986-இல் பார்வையாளர்களுக்காகத் திறந்தார்கள். தலைக்கவசம் தருவார்கள், உள்ளே படிகள் நிறைய. வெளியே என்ன மழை பெய்தாலும் உள்ளே ஒரே குளிர்தான். திறந்திருக்கும் மாதங்களை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் வெளிவாங்கினால் பக்கத்தில் கிராவ்லுவினிலிருந்து டினாஸ் எம்ரிஸ் குன்றுக்கு ஏறலாம். சின்ன ஏற்றம், வழியில் அருவி. வோர்டிகெர்ன் என்ற அரசன் இங்கே கோட்டை கட்டக் கட்ட ராத்திரியில் இடிந்து விழுந்ததாம். தந்தையில்லாத சிறுவனைப் பலிகொடுத்தால் நிற்கும் என்று மந்திரவாதிகள் சொன்னார்கள். பிடித்துவந்த பையன் கெட்டிக்காரன். ‘அடியில் குளம் இருக்கிறது, அதில் இரண்டு டிராகன்கள் சண்டை போடுகின்றன, தோண்டிப் பாருங்கள்’ என்றான். தோண்டினால் ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. சிவப்பு ஜெயித்தது. வேல்ஸின் கொடியில் இருப்பது அந்தச் சிவப்பு டிராகன்தான். 1950-களில் தொல்லியலாளர்கள் தோண்டியபோது உச்சியில் உண்மையிலேயே ஒரு பழைய குளத்தின் தடம் கிடைத்தது. டிராகன் கிடைக்கவில்லை.

நான்காம் நாள்: சிகரமா, ரயிலா

1,085 மீட்டர் அர் வித்வாவுக்கு இங்கிருந்து வாட்கின் பாதை போகிறது. ஊரிலிருந்து ஐந்து கி.மீ. தள்ளி நான்ட் குவினன்ட்டில் தொடக்கம். ஆறு முக்கியப் பாதைகளில் அதிக உயரம் ஏற வேண்டியது இது, மேலே கடைசிப் பகுதி சரளை சறுக்கும். மலை பழக்கமில்லாதவர்கள் சிகரம்வரை போக வேண்டாம் என்பேன். பாதி வழி போதும். பச்சை நிறத் தண்ணீர்க் குளங்களும் அருவிகளும் அந்தப் பாதிக்குள்ளேயே வந்துவிடும். 1892-இல் பிரதமர் கிளாட்ஸ்டன், 82 வயதில், ஒரு பாறை மேல் நின்று பேசி இந்தப் பாதையைத் திறந்துவைத்தார். அந்தப் பாறையும் வழியில்தான். 1968-இல் ஓர் ஆங்கில நகைச்சுவைப் படத்துக்கு இதே சரிவு கைபர் கணவாயாக நடித்தது. மலையின் இந்தப் பக்கம் உள்ள ஹவோத் அ லான் பண்ணையை 1998-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பொதுமக்களிடம் நிதி திரட்டி வாங்கியது, நடிகர் அந்தோனி ஹாப்கின்ஸ் மட்டும் பத்து லட்சம் பவுண்டு கொடுத்தார். மலையின் மறுபக்கத்தில் உள்ள பென் அ பாஸ் கணவாயிலிருந்து ஏற நினைத்தால், பருவத்தில் அங்கே வண்டி நிறுத்த முன்பதிவு வேண்டும்.

குழந்தைகள் இருந்தால் சிகரத்தை விடுங்கள், குட்டி ரயில்தான் சரி. கைர்நார்வனுக்கும் போர்த்மாதோக்குக்கும் இடையே 40 கி.மீ. ஓடும் வெல்ஷ் ஹைலேண்ட் ரயில். தண்டவாள அகலம் 60 செ.மீ.க்குக்கூடக் கொஞ்சம் குறைவு. இழுக்கும் ‘கேரட்’ வகை நீராவி என்ஜின்கள் தென்னாப்பிரிக்காவில் ஓடியவை. 2009-இல் பெத்கெலெர்ட்வரையும், 2011-இல் போர்த்மாதோக்வரையும் மறுபடி ஓட ஆரம்பித்தது. காலை ரயிலில் ரீட் தீ வரை ஏறிப் போங்கள். ஊருக்கு மேலே மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும்போது அதே கூரைகள் ஒருமுறை வலப்பக்கமும் ஒருமுறை இடப்பக்கமும் தெரியும். இறங்கி, லோன் குவிர்வை என்ற பாதையில் ஏரியோரமும் காட்டுக்குள்ளுமாகச் சுமார் 7 கி.மீ. நடந்து ஊருக்குத் திரும்பிவிடலாம். பெரும்பகுதி இறக்கம்தான், சின்னப் பிள்ளைகளும் நடந்துவிடுவார்கள். ரயில் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரைதான், அதிலும் எல்லா நாளும் இல்லை. டிக்கெட்டை முன்பதிவு செய்துவிடுங்கள்.

நடந்து வந்த களைப்புக்குப் பாலத்தருகே ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. தூறலில் நனைந்துகொண்டே வரிசையில் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள்.

மறுநாள் கிளம்பும்போது போர்த்மாதோக் ரயிலுக்கு ஒரு பஸ் முன்னதாகவே பிடியுங்கள். ஆட்டு மந்தை சாலையை மறித்தால் ஓட்டுநர் ஹாரன் அடிக்கமாட்டார், என்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். ரயில் ஏறியபின் எந்தப் பெட்டியில் வேண்டுமானாலும் தூங்குங்கள். திரும்பும் வழியில் மகன்லெத்தில் இரண்டு பாதியும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.